மலைப்பாதைப் பந்தயத்தில் தகவல் கண்ணாடி: வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

மலைப்பாதை மிதிவண்டிப் பந்தயம் 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. நம் நாட்டில் இவ்விளையாட்டு வேரூன்றத் தொடங்கியது அண்மையில்தான். இதற்கெனச் சிம்லாவில் தேசிய உயர்திறன் மையம் ஒன்று அமைக்கப்படும் என மைய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அடுத்த ஆண்டில் லே நகரில் உலகக் கோப்பை வரிசையில் ஒரு பந்தயமும், 2023 அக்டோபரில் கேரளத்தின் பொன்முடியில் ஆசியச் சாம்பியன் போட்டிகளும் நடைபெற்றன. ஒரு விளையாட்டு வளர்ந்தால் அதைச் சார்ந்த கருவிகளும் விற்பனைக்கு வந்து சேர்வது இயல்பு. அவற்றுள் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம், நாடித்துடிப்பு, உழைப்பின் அளவு முதலியவற்றை வீரரின் கண்ணெதிரே எண்களாகக் காட்டும் கண்ணாடி. இதனைப் பொதுப்பணத்தில் வாங்கலாமா என்ற வினா பயிற்சி மையங்களின் முன் எழும்போது, எதைக் கொண்டு முடிவு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எண்கள் புதியவை அல்ல. கம்பியின்றி நாடித்துடிப்பைக் காட்டும் கருவியைப் பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. மிதிக்கட்டையில் செலுத்தப்படும் ஆற்றலை வாட் கணக்கில் அளக்கும் எஸ்.ஆர்.எம். கருவி 1986-இல் ஜெர்மனியில் தோன்றியது. இவற்றின் அளவுகள் இதுகாறும் மணிக்கட்டிலோ, மிதிவண்டியின் கைப்பிடியில் பொருத்திய சிறு கணிப்பொறியிலோ தெரிந்தன. கண்ணாடி செய்வதெல்லாம், அதே அளவுகளைப் புளூடூத் போன்ற குறுந்தொலைவு வானொலி அலை வழியே பெற்று, கண்ணுக்கு அருகே கொண்டு வருவதுதான். நகத்தளவுத் திரையொன்றின் பிம்பம், ஒளியியல் அமைப்பின் வழியே சற்றுத் தொலைவில் மிதப்பதுபோல் தெரியும்படி செய்யப்படுகிறது. இதன் மூலம் போர் விமானத்தில் இருக்கிறது. இவ்வகைக் கண்ணாடியைச் செய்த எவரிசைட் நிறுவனம், விமானிகளின் தலைக்கவசத் திரைகளைத் தயாரிக்கும் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்ததேயாகும்.

பயன் எங்கே என்பதை எளிய கணக்கு ஒன்று விளக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கும் மேல் கடந்துவிடுகிறார். கைப்பிடியைக் குனிந்து பார்த்து மீளும் அந்த ஒரு நொடியில், இருபது மீட்டர் தொலைவில் பதிந்திருந்த பார்வை அரை மீட்டருக்கு இறங்கி, மீண்டும் தொலைவுக்குத் திரும்ப வேண்டும். கண்ணாடியில் தலை குனிய வேண்டியதில்லை. பார்வையின் குவியமும் அதிகம் மாற வேண்டியதில்லை. நெடுஞ்சாலைப் பந்தயத்துக்கு இந்த வாதம் பெரிதும் பொருந்தும்.

மலைப்பாதையில் நிலைமை வேறு. ஒன்றரை மணி நேர அளவிலான பந்தயத்தில், ஏற்றத்தில் எண் உதவுகிறது. தொடக்க வேகத்தில் உடலை எரித்துவிட்டுக் கடைசிச் சுற்றில் தளரும் இளம் வீரருக்கு, வாட் கணக்கு ஒரு கடிவாளம். இறக்கத்திலோ பாறையும் வேரும் திருப்பமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அங்கே எந்த எண்ணுக்கும் வேலையில்லை. மேலும், நாடித்துடிப்பு உழைப்பைப் பின்தொடர்ந்தே உயர்கிறது. செங்குத்தான குறும் ஏற்றம் ஒன்றை ஏறி முடித்த பிறகுதான் அதன் முழு விளைவு திரையில் தெரியும். அடர்ந்த மரங்களுக்கிடையே செயற்கைக்கோள் காட்டும் இடமும் பிறழக்கூடும். ‘உடனுக்குடன்’ என்ற விளம்பரச் சொல்லைச் சற்றுத் தாமதித்தே ஏற்பது நல்லது!

பொருளியல் படித்தவர்களுக்கு இங்கு ஹெர்பர்ட் சைமன் நினைவுக்கு வருவார். 1978-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற அவர், தகவல் பெருகும்போது அருகிப்போகும் பொருள் கவனமே என்பதை 1971-லேயே எடுத்துக் காட்டினார். கண்ணெதிரே தெரிவதெல்லாம் கவனத்தில் பதிந்துவிடும் என்று கொள்வதும் தவறு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், பாவனை விமானத்தைத் தரையிறக்கிய எட்டு விமானிகளின் பார்வைக்கு நேரே எண்கள் காட்டப்பட்டன. ஓடுதளத்தில் வேறொரு விமானம் குறுக்கே நிற்பதை அவர்களில் இருவர் காணவேயில்லை. தலை நேராக இருந்தது, கண் திறந்திருந்தது. கவனம் மட்டும் எண்களில் இருந்தது. அனுபவமிக்க விமானிகளுக்கே இது நேர்ந்தது எனில், பதினேழு வயதுப் பயிற்சி வீராங்கனையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே கண்ணாடி எதைத் தருகிறது என்பதோடு, எதை எடுத்துக்கொள்கிறது என்பதையும் அளப்பதே முறையான சோதனை. கொள்முதல் குழுக்களில் அமர்ந்த அனுபவத்தில் சொல்வதானால், நாம் பெரும்பாலும் காண்பது சோதனையன்று, செய்து காட்டும் நிகழ்ச்சி. விற்பனையாளர் கொண்டுவந்த கருவியை ஒருவர் சமதளத்தில் அணிந்து ஓட்டிவிட்டு ‘மிக நன்று’ என்பார்; கோப்பில் அதுவே அறிக்கையாகிவிடும்.

மாறாக, ஒவ்வொரு வீரரும் ஒரே தடத்தை மூன்று நிலைகளில், வெவ்வேறு நாட்களில் ஓட்ட வேண்டும். முதல் நிலையில் சாதாரணக் கண்ணாடியும் கைப்பிடிக் கணிப்பொறியும்; இரண்டாவதில் தகவல் கண்ணாடி, ஆனால் திரை அணைக்கப்பட்டிருக்கும்; மூன்றாவதில் திரை இயங்கும். நடுவில் உள்ள நிலைதான் வழக்கமாக விட்டுப்போவது. கண்ணாடியின் எடையும், மறைக்கும் பார்வைப் பரப்பும் எவ்வளவு, எண்களின் விளைவு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய அது இன்றியமையாதது. வரிசையும் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். ஏனெனில் தடம் பழகப் பழக நேரம் தானாகக் குறையும். அந்த லாபத்தைக் கண்ணாடியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மொத்த நேரத்தை மட்டும் குறிப்பதும் போதாது. ஏற்றத்தில் ஐந்து நொடி மிச்சமாகி இறக்கத்தில் ஐந்து நொடி இழந்தால், மொத்தத்தில் மாற்றமே இல்லை என்று தோன்றும். ஆகவே ஏற்றம், சமதளம், இறக்கம் மூன்றுக்கும் தனித்தனியே நேரம் எடுக்க வேண்டும். கால் தரையில் ஊன்றிய இடங்களையும் எண்ண வேண்டும். பாதையோரத்தில் வீரர் அறியாத இடங்களில் சில வண்ணப் பலகைகளை நட்டுவைத்து, எத்தனையைக் கண்டார் எனப் பின்னர் கேட்கலாம். செலவில்லாத இந்த முறையே கவனத்தின் இழப்பை வெளிக்கொணரும். ஒரே வீரரின் இருநாள் ஓட்டங்களுக்கிடையிலான வேறுபாடு, கருவியால் வரும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு நிலையையும் பலமுறை திரும்பச் செய்வது தேவை. எந்த முடிவு வந்தால் கருவி வேண்டாம் என்று தள்ளுவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைப்பது மிக முக்கியம்.

வெயிலிலிருந்து மரநிழலுக்குள் பாயும் கணத்தில் எண்கள் தெரிகின்றனவா, வியர்வையிலும் மழையிலும் ஆவி படிகிறதா, சேற்றைத் துடைக்கையில் பொத்தான் அழுந்துகிறதா என்பனவற்றைப் பருவமழைக் காலத்தில்தான் அறிய முடியும். விழுந்தால் கண்ணருகே என்ன உடையும் என்பதை வீரரை வைத்து அறியலாகாது. அது ஆய்வுக்கூடத்தின் வேலை.

போட்டி விதிகளையும் பார்த்தாக வேண்டும். உடலில் சர்க்கரையின் அளவைத் தொடர்ந்து காட்டும் உணரிகளைப் போட்டியின்போது அணிவதை உலக மிதிவண்டிச் சங்கம் 2021-இல் தடைசெய்தது. பயிற்சியில் பழகிய அளவு பந்தயத்தில் கிடைக்காமல் போகலாம் என்பதற்கு இது சான்று.

கருவியின் ஆயுள் பற்றிய கேள்வி, நிதித்துறையினர் விலையைப் பார்க்கும் வேகத்தில் நழுவவிடுவது. கனடாவின் ரீகான் நிறுவனம் 2015-இல் ‘ஜெட்’ என்னும் கண்ணாடியை 699 டாலருக்கு வெளியிட்டது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் ரீகானை விலைக்கு வாங்கியது. 2017-இல் அதனை மூடிவிட்டது. வாங்கியவர்களின் கையில் கண்ணாடி இருந்தது, அதைப் பேணும் நிறுவனம் இல்லை. அதன் நிறுவனர்களுள் ஒருவர் பின்னர் நீச்சல் வீரர்களுக்கான தகவல் கண்ணாடிக்குச் சென்றார்; நீச்சல் குளத்தின் தடத்தில் பாறை இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 2025-இல் மெட்டாவும் ஓக்லியும் சேர்ந்து 499 டாலருக்கு வெளியிட்ட விளையாட்டுக் கண்ணாடியில் திரையே கிடையாது; அளவுகளைக் காதில் சொல்கிறது. பிரான்சில் திரையுடன் வரும் எங்கோ கண்ணாடியின் எடை 36 கிராம். எனவே ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, உதிரிப்பாகமும் மென்பொருளும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதையும், நிறுவனம் மூடப்பட்டாலும் கருவி தனித்து இயங்குமா என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

இறுதியாக, எண்கள் எங்கே போகின்றன என்பது. வீரரின் நாடித்துடிப்பும் சென்ற பாதையும் பல கருவிகளில் தயாரிப்பாளரின் கணிப்பொறிகளுக்குச் செல்கின்றன. நம் மையங்களில் பயில்வோரில் பலர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அத்தகையோரின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. சோதனைக்கென நாலைந்து கண்ணாடிகளை இரவல் பெறும் மையமும், முதல் நாள் ஓட்டத்துக்கு முன்பே இந்த ஒப்புதலைப் பெற்றுக் கோப்பில் வைத்தாக வேண்டும்.