நிறைந்த வீட்டில் ஒரு தனிமை

செங்கோட்டையில் எம் மத்ரஸாவுக்குப் பிள்ளையை அழைத்துவரும் இளந்தாய் ஒருவரிடம், "தனிமையாக இருக்கிறதா?" என்று என் மனைவி வினவினார். மாமியார், நாத்தனார், மூன்று பிள்ளைகள் என நிறைந்த வீடு, கணவர் துபாயில். "தனிமையா? உட்காரவே நேரமில்லை அக்கா!" என்று சிரித்துவிட்டார். "மனம்விட்டுப் பேசத் துணையில்லை என்று அடிக்கடி தோன்றுமோ?" என்றபோது கண்கலங்கினார்.

தனிமையை அளக்க இயலுமா? லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 1978-இல் 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். 2004-இல் அதன் சுருக்கம் மூன்றே வினாக்களாக வெளிவந்தது. துணையில்லை என, ஒதுக்கப்பட்டேன் என, பிறரிடமிருந்து விலகிநிற்கிறேன் என எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள்? அரிதாக எனில் 1, சிலவேளை எனில் 2, அடிக்கடி எனில் 3. ஆக, மொத்தம் 3 முதல் 9 வரை. இம்மூன்றிலும் 'தனிமை' என்னும் சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள்! அச்சொல்லை ஒப்புக்கொள்ள எவருக்கும் கூச்சமே.

வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களில் நடத்தப்பெற்று 2002-இல் வெளியான ஆய்வில், பிள்ளை பெற்றபின் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் புதிதாக மனச்சோர்வுற்றனர். மனச்சோர்வு வேறு, தனிமை வேறுதான். எனினும் அங்குக் கண்ட காரணங்களுள் மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கைவேலைக்கு உதவியின்மை ஆகியவையும் உண்டு. வீட்டில் தலைகளை எண்ணிப் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

வினவுவோர் மாமியார் எதிரில் வினவலாகாது. தொகை கூடியவரைக் குறைகூறவும் கூடாது. அது நோயின் பெயருமன்று.

அப்பெண் இப்போது அஸருக்குப் பின் அரைமணி நேரம் எங்கள் திண்ணையில் அமர்கிறார். கைக்குழந்தையை மாமியார் வைத்துக்கொள்கிறார். அதற்கு அவரை இசையவைக்க என் மனைவிக்கு இரண்டு வாரம் பிடித்தது.