பதில் வராத கடிதங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். தபாலில் ஒரு கேள்வித்தாள் வருகிறது. நர்ஸுகள் நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா? டாக்டர் உங்களுக்குப் புரியும்படி விளக்கினாரா? இரவில் அறையைச் சுற்றி அமைதியாக இருந்ததா? உட்கார்ந்து பதில் எழுதுவீர்களா, பால் கணக்கு நோட்டில் செருகி வைத்து விடுவீர்களா?

அமெரிக்காவில் 2006-ம் ஆண்டு இந்தக் கேள்வித்தாள் நாடெங்கும் வந்தது. 2008 முதல் அரசாங்கமே முடிவுகளை ஆஸ்பத்திரி வாரியாக வெளியிடுகிறது. 2012 அக்டோபரிலிருந்து, முதியோருக்கான மெடிகேர் திட்டம் ஆஸ்பத்திரிகளுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியும் இதைப் பொறுத்திருக்கிறது. விளையாட்டுக் காரியமல்ல!

ஆனால் நாலு பேருக்கு அனுப்பினால் ஏறக்குறைய ஒருவர்தான் பதில் எழுதுகிறார். அவரும் பெரும்பாலும் வயதான வெள்ளைக்காரர். கறுப்பு இனத்தவர், ஸ்பானிஷ் பேசுவோர், ஆசிய வம்சத்தினர் ஆகியோரிடமிருந்து வரும் பதில்கள் குறைவு. விளைவைப் பாருங்கள். டாக்டர் சொன்னது புரிந்தவர், "நன்றாக விளக்கினார்" என்று எழுதுகிறார். புரியாமல் விழித்தவளுக்குக் கேள்வித்தாளும் புரியவில்லை, அவள் எழுதவில்லை. ஆஸ்பத்திரிக்கோ நல்ல மார்க்!

இதை அசிரத்தை என்று தள்ளிவிடலாமா? கூடாது. கேட்கும் முறையிலும் குறை உண்டு. தபாலுக்குப் பதில் எழுதாத பலர், டெலிபோனில் கூப்பிட்டால் பேசுகிறார்கள். 2021-ல் இதைப் பரீட்சித்தார்கள். தபால் மட்டும் அனுப்பியபோது நாலில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. முதலில் ஈ-மெயில், பிறகு தபால், அதற்கும் மசியாவிட்டால் டெலிபோன் என்று மூன்று கதவையும் தட்டியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பதில் வந்தது. இதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

ஆகவே 2025 ஜனவரி முதல் விதிகள் மாறின. இணையத்தின் வழியும் கேட்கலாம். காத்திருக்கும் காலம் 42 நாளிலிருந்து 49 நாளாயிற்று. ஸ்பானிஷை விரும்புகிறவருக்கு ஸ்பானிஷிலேயே அனுப்ப வேண்டும். நோயாளிக்கு முடியாவிட்டால், மகளோ மருமகளோ அவருக்காகப் பதில் சொல்லலாம்.

உங்கள் பெண் அந்த நாட்டில் குடித்தனம் செய்கிறாளா? பிரசவத்துக்குப் போன இடத்தில் நர்ஸ் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உங்களிடம் டெலிபோனில் குறைப்பட்டுக் கொண்டாளா? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அம்மாவிடம் சொன்னது போதாதடி, அந்தத் தாளிலும் எழுது!"