மகனின் பெயரைச் சொல்லி வரும் அழைப்பு

"அம்மா, உங்கட மகன் உயிரோட இருக்கிறார். நானும் அவரோட ஒரே இடத்தில இருந்தனான். இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

தொலைபேசியில் இப்படியொரு குரல் கேட்டால் எந்தத் தாயின் மனந்தான் ஆடாது? 2009இல் யுத்தம் முடிந்த பின்னர், காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு இவ்வாறான அழைப்புகள் வந்தன. முதலில் சாப்பாட்டுச் செலவுக்கென்று சிறு தொகை கேட்பார்கள். அடுத்தது அதிகாரிக்கு, அதற்கடுத்தது சட்டத்தரணிக்கு. இருக்கிற நகையையும் அடகு வைத்து அனுப்பிய பின்னர் அந்த இலக்கம் வேலை செய்யாது.

"பெயர், இடம், திகதி எல்லாம் சரியாய்ச் சொன்னானே" என்று தாய்மார் கேட்கிறார்கள். அவை இரகசியமல்ல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்திலும் அதன் பின்னரும் பிள்ளைகளின் படங்களை ஏந்தி நிற்கிறோம். அந்த விபரங்கள் பத்திரிகைகளில் வந்துள்ளன. மோசடிக்காரனுக்கு அது போதும்.

தேடுவதை நிறுத்துங்கள் என்றோ, படத்தை மறையுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. படத்தில் இல்லாததைக் கேளுங்கள். வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர் என்ன? எந்தக் காலில் தழும்பு? நீங்களாக எதையும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகமோ, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவோ தகவல் தருவதற்குப் பணம் கேட்பதில்லை. (அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இழந்த தாய்மார் பலர். அவர்களின் ஆதங்கம் நியாயமானது. இங்கே நான் பேசுவது பணத்தைப் பற்றி மட்டுமே.)

மற்ற மோசடிகளும் ஏறத்தாழ இதே பாதையில்தான் வருகின்றன. "உங்கள் அஸ்வெசுமப் பணம் தடைப்பட்டுள்ளது, தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். அந்த இலக்கம் உங்கள் வங்கிக் கணக்கின் திறப்பு. அதை எந்த வங்கி உத்தியோகத்தரும் கேட்கமாட்டார். சந்தேகமென்றால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள், அல்லது 1924க்கு அழையுங்கள். முகநூலில் பழகிய வெளிநாட்டு நண்பர் பொதி அனுப்பியுள்ளார், சுங்கத்தில் நிற்கிறது, வரியை இந்தக் கணக்கில் போடுங்கள் என்பது இன்னொன்று. சுங்க வரி தனியாளின் கணக்குக்குப் போவதில்லை. தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுந்தகவலிலுள்ள இணைப்பை அழுத்தாதீர்கள்; தபாற்கந்தோரில் நேரே விசாரியுங்கள். வெளிநாட்டு வேலைக்கு முற்பணம் கேட்டால், கொடுக்கும் முன் 1989இல் வேலைவாய்ப்புப் பணியகத்திடம் அந்த முகவரின் அனுமதிப்பத்திரம் பற்றிக் கேளுங்கள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்ற அந்தச் சொல்லைத்தான் நான் பெரிதாக எடுப்பேன். தனியாக இருக்கும் பெண்ணை மேலும் தனிமைப்படுத்தினால்தான் அவர்களின் வேலை நடக்கும். அழைப்பை வைத்துவிட்டு, மாதர் சங்கத்திலோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ சொல்லுங்கள். அரை மணித்தியாலம் பொறுக்க முடியாத அவசரம் அவர்களுக்கு மட்டுமே உண்டு.

பணம் போய்விட்டதா? வெட்கத்தில் நாட்களைக் கடத்த வேண்டாம். முதலில் வங்கிக்கு அறிவித்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கலாம். அதன்பின் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வைப்புச் சிட்டை, அழைத்த இலக்கம், குறுந்தகவல் எதையும் அழிக்காதீர்கள். வங்கியின் தொலைபேசி இலக்கம் அட்டையின் பின்புறத்தில் இருக்கும். அதை இன்றைக்கே பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.