எல்லையோரத்தார் வாக்கு

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மீதேறி நாற்புறமும் நோக்குவோருக்கு வயல்களும் குன்றுகளுமே தோன்றும்; ஜில்லா எல்லை தோன்றாது. ஆயினும், அவ்வெல்லையைக் காரணங்காட்டி வாக்களிக்காதிருக்கும் அன்பர்கள் சிலர் உளர்.

செஞ்சி விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்தது. பாராளுமன்றத் தேர்தலுக்கோ, 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பின்படி, செஞ்சியும் மயிலமும் ஆரணித் தொகுதியில் அடங்கும். அத்தொகுதியின் ஏனைய பகுதிகளான ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி ஆகிய நான்கும் திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்தவை. “கலெக்டர் ஓரிடம், தொகுதி வேறிடம், நம் குறையை யார் கேட்பார்?” என்பது அவ்வன்பர்களின் வாதம். வாக்களியாதோர் குறையை எவர்தாம் கேட்பார்? ஆரணியில் பட்டு நெய்வோரும் செஞ்சியில் மணிலா பயிரிடுவோரும் ஒரே பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது நமக்குப் பலமேயன்றிப் பலவீனமன்று.

எல்லைக்கு அப்பால் வீடும் இப்பால் வாசமும் உடையோர் எங்கே வாக்களிப்பது? 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, சாதாரணமாக வசிக்கும் இடத்திலேயே. வீடு சொந்தம் என்பது மட்டும் போதாது. இரு தொகுதிகளில் பெயர் இருத்தலும் கூடாது. குடிபெயர்ந்தோர் 8-ஆம் எண் படிவத்தாலும், 18 வயது நிரம்பிய புதியோர் 6-ஆம் எண் படிவத்தாலும் விண்ணப்பிக்கலாம்.

நம் சங்கத்தில் பங்குகள் எத்தனையாயினும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கே. நாட்டிலும் அதுவே நியதி. எல்லையோரத்தார் வாக்குக்கு எடை குறைவில்லை. ஆதலின், தேர்தல் வரட்டுமென்று காத்திராமல், பட்டியலில் தம் பெயர் உளதா என இன்றே பார்த்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.