நீலத் திரை வந்தால் உடனே கடைக்கு ஓடாதீர்கள்!

மாட்டுங்காவிலும், லேபர் கேம்பிலும், செம்பூரிலும் நம்மவர்கள் வீடுகள் பலவற்றில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. பிள்ளைக்குக் கல்லூரிப் பாடம். தகப்பனாருக்கு, வேலை முடிந்து வந்தபின் இரண்டு கடைகளின் கணக்கு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது.

கம்பெனிப் பெட்டியாக வாங்கினால் விலை கூடுதல் என்று பலர் உதிரிபாகமாக வாங்குகிறார்கள். மாட்டுங்கா ரோடில் ரயில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு. பிராசசர் ஒரு கடையில், மதர்போர்டு இன்னொரு கடையில், கேபினட் மூன்றாவது கடையில். வீட்டில் வைத்து மாட்டிவிட்டால் சில ஆயிரம் மிச்சம். நல்ல காரியம்தான்.

ஆனால் சில மாதங்கள் கழித்து ஒரு வில்லங்கம் வருகிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திரை முழுவதும் நீலமாகிறது. ஏதோ நாலு வார்த்தை ஆங்கிலத்தில் தோன்றுகிறது. இயந்திரம் தானாக அணைந்து தானாக எழுகிறது. சேமிக்காத கணக்கு அத்தனையும் போயிற்று! மறுநாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் இரண்டு தடவை.

கடைக்குத் தூக்கிச் சென்றால் ஒருவர், "மதர்போர்டு போய்விட்டது" என்பார். அடுத்தவர், "ரேம் மாற்று" என்பார். இருவரும் சொல்வது ஊகம். அந்த ஊகத்துக்கு விலை கொடுப்பவர் நீங்கள். மாற்றிய பிறகும் நீலத் திரை வந்தால் பணமும் போயிற்று, கோளாறும் தீரவில்லை.

எனவே முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு மாற்றுங்கள். கண்டுபிடிக்கச் செலவு அநேகமாக இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நீலத் திரை என்பது என்ன?

தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு நம்மவர்கள் பம்பாய்க்கு வந்த காலத்தில், டைப்ரைட்டரில் ஓர் எழுத்து சிக்கினால் எந்தக் கம்பி என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரில் அது முடியாது. அதனால்தான் விண்டோஸ் நமக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கிறது. அதுவே நீலத் திரை. விண்டோஸ் 11-ன் புதிய பதிப்பில் 2025 முதல் அது கறுப்புத் திரையாக மாறியிருக்கிறது. நிறம்தான் வேறு, சங்கதி ஒன்றே.

"இதற்கு மேல் ஓடினால் உங்கள் பைல்கள் கெடும், ஆகவே நிற்கிறேன்" என்று இயந்திரம் தானே நிற்பதுதான் நீலத் திரை. திரையில் வரும் வார்த்தைகள் சாட்சியின் வாக்குமூலம் மாதிரி. அதுவே தீர்ப்பு அல்ல. "மெமரி மேனேஜ்மென்ட்" என்று வந்தால் ரேம் மீது சந்தேகம் கொள்ளலாம். "வீயா அன்கரெக்டபிள் எரர்" என்றால் பிராசசர், சூடு, மின்சாரம் ஆகியவற்றின் பக்கம் பார்க்கவேண்டும். "வீடியோ டி.டி.ஆர்." என்று வந்தால் கிராபிக்ஸ் பக்கம்.

ஊரெல்லாம் விழுந்த நாள்

2024 ஜூலை 19-ந் தேதி நினைவிருக்கிறதா? உலகம் முழுவதும் ஒரே நாளில் கம்ப்யூட்டர்கள் நீலமாகி நின்றன. மைக்ரோசாப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் இயந்திரங்கள்! விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். காரணம், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் அனுப்பிய பிழையான ஒரே ஒரு பைல். இயந்திரத்தின் எந்தப் பாகமும் கெடவில்லை.

இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. ஒரே வேலையைச் செய்யும்போது, ஒரே வாசகத்துடன் திரை விழுந்தால் மென்பொருளை முதலில் சந்தேகிக்கலாம். நேரம் காலம் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வாசகத்துடன் விழுந்தால் ரேம், மின்சாரம், சூடு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

"ஒரு தடவைதானே, போகட்டும்" என்று விடலாமா? கூடாது. 2011-ல் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்கள் சுமார் 10 லட்சம் சொந்த உபயோகக் கம்ப்யூட்டர்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள். பாகக் கோளாறால் ஒரு முறை விழுந்த இயந்திரம் மறுபடி விழும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று கண்டார்கள்.

முதல் வேலை

முக்கியமான பைல்களைப் பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்த தடவை திரை விழுந்ததும் போனில் படம் பிடியுங்கள். நோட்டில் தேதி, நேரம், திரையில் வந்த வாசகம், அப்போது என்ன வேலை நடந்தது, சமீபத்தில் என்ன புதிதாகச் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். நாலைந்து குறிப்பு சேர்ந்தால் ஒரு வழி தெரியும். விண்டோஸிலேயே "ரிலையபிலிட்டி மானிட்டர்" என்று ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியில் எது விழுந்தது என்று அது வரிசையாகக் காட்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான்!

காய்ச்சலுக்கு நாலு மாத்திரையை ஒன்றாக விழுங்கினால் எந்த மாத்திரை குணப்படுத்தியது என்று சொல்லமுடியுமா? இங்கும் அப்படித்தான். ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். பிறகுதான் அடுத்தது.

ரேமிலிருந்து தொடங்குங்கள். பயாஸில் "எக்ஸ்.எம்.பி." என்ற வேகக் கூட்டல் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அத்துடன் திரை விழுவது நின்றுவிட்டால் செலவே இல்லை.

நிற்கவில்லை என்றால் மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு படுக்கும்போது ஓடவிடுங்கள். காலையில் பிழை பூஜ்யமாக இருக்கவேண்டும். ஒன்று இருந்தாலும் கோளாறுதான்.

இரண்டு ரேம் குச்சிகள் இருந்தால், கரண்டைத் துண்டித்துவிட்டு ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் சோதியுங்கள். பிறகு மாற்றிச் சோதியுங்கள். பிழை குச்சியோடு கூடவே போனால் குச்சி குற்றவாளி. எந்தக் குச்சியைப் போட்டாலும் ஒரே இடத்தில் பிழை வந்தால், பெரும்பாலும் அந்த ஸ்லாட்தான் குற்றவாளி. கடைக்காரர் ஊகித்ததை நீங்கள் நிரூபித்துவிட்டீர்கள்!

சூடும் கடற்காற்றும்

மும்பைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ரேமின் பொன்னிறப் பட்டைகளில் அழுக்குப் படிந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள் போக ஊதி, "கிளிக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். மாட்டும்போது சரியாக உட்காராத ரேம்தான் பல வீடுகளில் வில்லன்.

சிறிய அறையில் கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்புறம் ஒரு சாண் இடம் விடுங்கள். விசிறியில் தூசி இருக்கிறதா, பிராசசர் மேலுள்ள கூலர் ஆடுகிறதா என்று பாருங்கள். மதியம் மட்டும் விழுந்து, அதிகாலையில் ஒழுங்காக ஓடினால் சூட்டின் மீது சந்தேகம் கொள்ளலாம்.

மின்சாரத்தில் மிச்சம் வேண்டாம்

உதிரிபாகம் வாங்கும்போது எல்லோரும் மிச்சம் பிடிக்கும் இடம் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிமேல் எழுதிய வாட் அளவை நம்பி மலிவானதை வாங்கிவிடுகிறோம். சும்மா இருக்கும்போது அது தாங்கும். விளையாட்டோ வீடியோ வேலையோ ஓடும்போது திணறும். பாரம் ஏறும்போது மட்டும் விழுந்தால் நண்பரிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும். மூன்றாவது முனை இல்லாத பிளக்கும், எர்த் இல்லாத சுவரும் ஆகாது.

டிரைவரும் டிஸ்க்கும்

விண்டோஸை "சேப் மோடில்" இயக்கிப் பாருங்கள். அதில் விழாமல், சாதாரணமாக இயங்கும்போது மட்டும் விழுந்தால், பின்னால் சேர்த்த டிரைவர் மீது சந்தேகம். கடைசியாகப் போட்டதை முதலில் எடுங்கள். டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருந்தாலும் திரை விழும். கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுவதற்குக் காசு இல்லை.

பில் பத்திரம்!

சில வேளை குற்றம் தயாரித்தவர்கள் மீதே இருக்கும். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, அளவு மீறிய வோல்டேஜால் கெடுவதை 2024-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டியது. பயாஸைப் புதுப்பித்தால் மேற்கொண்டு கெடாமல் தடுக்கலாம். ஏற்கனவே கெட்டது குணமாகாது, மாற்றித்தான் வாங்கவேண்டும்.

அப்படி மாற்றிக் கேட்க எது வேண்டும்? பில்! "பில் இல்லாமல் வாங்கினால் விலை குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சில் மயங்காதீர்கள். பில்லும் உங்கள் நோட்டும் கையில் இருந்தால், "இந்தக் குச்சியில் இந்தத் தேதியில் இத்தனை பிழை" என்று நிமிர்ந்து பேசலாம். உத்தரவாதம் இருந்தும் கடைக்காரர் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே புகார் சொல்லலாம்.

தாராவியில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து எடைக்குப் போடும் பட்டறைகள் உண்டு. குற்றம் வேறு எங்கோ இருக்க, ஊகத்தின் பேரில் கழற்றி எறியப்படும் நல்ல மதர்போர்டும் நல்ல ரேமும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். உங்கள் ஒரு மாதச் சேமிப்பும் அந்தத் தராசில் ஏறவேண்டுமா? இன்று இரவே சோதனையை ஓடவிட்டுப் படுங்கள்.