பரிமாற்ற மாணவர்

பரிமாற்ற மாணவர் என்பவர், தம் நாட்டுக் கல்வி நிறுவனம் ஒன்றில் பதிவுபெற்ற மாணவராக இருந்துகொண்டே, வேறொரு நாட்டின் கல்வி நிறுவனத்தில் ஒரு பருவமோ ஓராண்டோ பயின்று திரும்புபவர் ஆவார். முழுப் பட்டப்படிப்பையும் வெளிநாட்டில் முடிக்கும் மாணவரிலிருந்து இவர் வேறுபட்டவர். இவருக்குப் பட்டம் வழங்குவது தாய் நிறுவனமே. தங்கும் காலம் குறுகியது என்பதால், புதிய இடம் பழகி வரும்போதே திரும்பும் நாளும் நெருங்கிவிடுகிறது. பரிமாற்ற மாணவர் எதிர்கொள்ளும் இடர்கள் பலவற்றுக்கு இதுவே காரணமாகும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நாடுகளிடையே நல்லுறவை வளர்க்கும் நோக்குடன் மாணவர் பரிமாற்றம் விரிவடைந்தது. ஐக்கிய அமெரிக்காவின் புல்பிரைட் திட்டம் 1946 ஆம் ஆண்டு சட்டமாக்கப்பட்டது. ஐரோப்பாவில் 1987 ஆம் ஆண்டு தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் பங்கேற்றனர். 2014 முதல் இது எராஸ்மஸ்+ என்னும் பெயரில் இயங்குகிறது.

பாட உடன்பாடு

எராஸ்மஸ் மாணவர் புறப்படும் முன் மாணவர், தாய் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் ஒரு பாட உடன்பாட்டில் ஒப்பமிடுகின்றன. எப்பாடங்கள் பயிலப்படும், அவை தாய் நிறுவனத்தில் எவ்வாறு கணக்கிடப்படும் என்பவை இதில் குறிக்கப்படும். ஐரோப்பிய முறையில் ஒரு முழுக் கல்வியாண்டு 60 மதிப்பலகுகளுக்குச் சமம்.

சென்ற இடத்தில் ஒரு பாடம் நடைபெறாமற் போகலாம்; அல்லது நேரம் ஒத்துவராமற் போகலாம். அப்போது பாடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு உடன்பாட்டை மாற்றாமல் விடுவது பெருந்தவறு. தேர்ச்சி பெற்ற பாடமும் ஏற்கப்படாமல், ஒரு பருவத்தை மீண்டும் படிக்க நேரலாம். எனவே மாற்றத்தை உடனடியாக எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அன்றாட வாழ்க்கை

எழுதப்பட்ட விதிகளைத் தேடி அறியலாம். எழுதப்படாதவற்றைக் கேட்டே அறிய வேண்டும். இதற்கு செருமனியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

* குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இது சட்டம்.
* ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். வார இறுதியில் வந்திறங்குபவர் உணவுக்கு முன்னேற்பாடு செய்துகொள்வது நன்று.
* பாட அட்டவணையில் நேரத்துக்கு அருகே "சி.டி." என்று இருந்தால், வகுப்பு 15 நிமிடம் கழித்துத் தொடங்கும். "எஸ்.டி." என்று இருந்தால், குறித்த நேரத்திலேயே தொடங்கிவிடும்.

கடைசியாகச் சொன்னதை உள்ளூர் மாணவர் எவரும் தாமாக விளக்குவதில்லை. அவர்களுக்கு அது மிக இயல்பானது. தெரியாததைத் தயங்காமல் கேட்பது பரிமாற்ற மாணவருக்கு இன்றியமையாத பழக்கமாகும்.

பண்பாட்டு அதிர்ச்சி

பழகிய குறிப்புகள் எதுவும் பயன்படாத சூழலில் தோன்றும் கலக்கம் பண்பாட்டு அதிர்ச்சி எனப்படுகிறது. மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1950களில் இக்கருத்தைப் பரவலாக்கினார். 1955 இல் சுவெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்கா சென்றுவந்த 200 நோர்வே புல்பிரைட் உதவி பெற்றோரை ஆராய்ந்தார். 6 முதல் 18 மாதங்கள் வரை தங்கியோர், அதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ தங்கியோரைக் காட்டிலும் குறைவாகவே இசைந்திருந்ததை அவர் கண்டார். தொடக்கத்தில் மகிழ்ச்சி, இடையில் தளர்ச்சி, பின்னர் மீட்சி என்னும் வளைகோடு இவ்வாறு உருவானது.

எனினும் இது அனைவருக்கும் பொருந்துவதில்லை. நியூசிலாந்தில் பயின்ற யப்பானிய மாணவர்கள் பற்றி 1998 இல் வெளியான ஆய்வொன்று, வந்திறங்கிய காலத்திலேயே மன உளைச்சல் மிகுதி என்றும், பின்னர் அது குறைந்தது என்றும் காட்டியது. ஆகவே முதல் வாரத்திலேயே மனம் சோர்ந்தால், அதைத் தம் தகுதிக் குறைவாகக் கருதி ஊர் திரும்ப முடிவெடுப்பது சரியன்று. அதே நேரத்தில் உறக்கமோ உணவோ பலநாள் கெட்டால், பல்கலைக்கழக மனநல ஆலோசகரை நாட வேண்டும்.

தம் நாட்டவருடன் பழகுவது ஆறுதல் தரும். ஆயினும் அவர்களுடன் மட்டுமே பழகினால், உள்ளூர் மொழியைக் கற்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

தாயகம் திரும்புதல்

திரும்பிய பின்னும் ஒரு தளர்ச்சி வரக்கூடும் என்பதை 1963 இல் யான் கல்லகோர்ன், யீன் கல்லகோர்ன் ஆகியோர் விளக்கினர். வெளிநாட்டில் அந்நியமாக உணர்வதை மாணவர் எதிர்பார்த்தே செல்கிறார். சொந்த வீட்டில் அவ்வாறு உணர்வதை எதிர்பார்ப்பதில்லை. தாமும் ஊரும் மாறியிருப்பதை ஏற்றுக்கொள்வதும், புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு வழிகாட்டுவதும் இந்நிலையைக் கடக்க உதவும்.