அழுக்குப் பஞ்சு மகாத்மியம்!

கையில் போனஸ் வந்தால் மனுஷனுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறும். எனக்குத் தடுமாறியபோது, வீட்டுக்கு ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் வந்து சேர்ந்தது!

எங்கள் ஹாலில் மூன்றடி மீன் தொட்டி. சுமார் 120 லிட்டர் தண்ணீர், ஐந்து கோல்ட்ஃபிஷ். நாலு வருஷமாக ஒரு குறையும் இல்லை. மூலையில் பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, பழுப்பேறிப் போய், ‘பொளபொள’வென்று குமிழி விட்டுக்கொண்டிருக்கும்.

“வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல மொதல்ல படறதே அந்த அழுக்குப் பஞ்சுதாங்க!” - இது என் மனைவியின் நிரந்தரப் புகார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் குதித்தேன். பஞ்சைப் பிடுங்கினேன். கூழாங்கற்களைக் குழாயடியில் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். புது கேனிஸ்டரை மாட்டி ஸ்விட்சைத் தட்டினேன். பழைய ஃபில்டரை, பிளாஸ்டிக் டப்பில் கப்பி மீன் வளர்க்கும் கீழ் வீட்டுப் பையனுக்குத் தானமாகக் கொடுத்தேன். கர்ண பரம்பரை ஆயிற்றே!

தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. மூன்று நாள் டி.வி-யே போடவில்லை.

புதன்கிழமை ராத்திரி மகள் கூப்பிட்டாள். “அப்பா, எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதே... பசிக்குதா?”

“ஆமாடா செல்லம்!” என்று இன்னும் ரெண்டு சிட்டிகை தீனி போட்டேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்பது அப்போது தெரியாது.

வியாழன் காலை ஒன்று மிதந்தது. வெள்ளி காலை இன்னொன்று. மகள் அழவில்லை. என்னிடம் பேசாமல் ஸ்கூலுக்குப் போய்விட்டாள். அதுதான் தாங்கவில்லை.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கொளத்தூருக்கு ஓடினேன். வண்ண மீன்களுக்குப் பேர் போன ஏரியா. கடைக்காரப் பெரியவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“பழைய பஞ்சு எங்க சார்?”

“கொடுத்துட்டேனே...”

“போச்சு! தொட்டியோட உசுரே அதுலதான் சார் இருந்துச்சு!”

விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும், மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. கண்ணுக்குத் தெரியாத விஷம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும்போதே ஆளைக் காலி பண்ணிவிடும். தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் ஏற ஏற விஷம் இன்னும் உக்கிரமாகும். பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் லேசுப்பட்டதல்ல. மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி, பிராணவாயுவைச் சுமக்க விடாமல் செய்துவிடும். இன்னொரு கோஷ்டி அதை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. 2015-ல், இந்த மொத்த வேலையையும் ஒண்டியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்ம ஆபீஸில் அப்படி ஒருத்தராவது உண்டா, சொல்லுங்கள்!

இந்தக் கூட்டம் புதிதாக உருவாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நானோ புது மேனேஜர் மாதிரி வந்து, அனுபவஸ்தர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். மிச்சம் மீதி கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் கவனித்துக்கொண்டது!

“புது ஃபில்டரை மாட்டுங்க, வேணாங்கல. ஆனா பழசும் கூடவே ஆறு வாரம் ஓடணும். இல்லாட்டி பழைய பஞ்சை எடுத்துப் புதுசுக்குள்ள வெச்சிடணும். கழுவணும்னா, தொட்டித் தண்ணியையே பக்கெட்ல எடுத்து லேசா அலசணும். கரன்ட் போய் ரொம்ப நேரம் கேனிஸ்டர் நின்னுதுன்னா, அப்படியே ஆன் பண்ணிடாதீங்க. காத்தில்லாம உள்ள கெட்டுப்போன தண்ணி மொத்தமும் தொட்டிக்குத்தான் வரும். திறந்து அலசிட்டுப் போடுங்க.”

கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். கொடுத்த தானத்தைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று கர்ணனுக்கே தெரிந்திருக்காது!

பையன் யோசித்தான். “தரேன் அங்கிள். ஆனா முழுசா எடுத்துட்டா என் கப்பியெல்லாம் செத்துடுமே...”

எட்டாவது படிக்கிற பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை! அவனே கத்தரிக்கோல் கொண்டுவந்தான். பஞ்சை டப் தண்ணீரிலேயே வைத்து நேர்பாதியாக வெட்டினான். என் பாதியை ஈரம் காயாமல் மாடிக்குக் கொண்டுபோய் கேனிஸ்டருக்குள் வைத்தேன்.

ரெண்டு நாள் தீனி கட். அப்புறமும் கிள்ளித்தான் போட்டேன். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், குளோரின் முறிக்கும் மருந்து கலந்து. டெஸ்ட் கிட் வாங்கிச் சொட்டு விட்டால் பச்சை... பச்சை... பச்சை. பத்தாம் நாள் மஞ்சள்! அம்மோனியா இல்லை!

மூன்று மீன் பிழைத்தது. மகள் திரும்பவும் பேச ஆரம்பித்தாள். முதல் வாக்கியம்: “இனிமே நீ தொட்டியைத் தொடாதே!”

போன வாரம் மாமனார் வந்திருந்தார். கேனிஸ்டரைத் திறந்து நான் அலசுவதைப் பார்த்துவிட்டு, “புது மெஷினுக்குள்ள என்ன மாப்பிள்ளை இது, அழுக்குப் பஞ்சு?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

“அழுக்கு இல்லப்பா... பழைய ஸ்டாஃப்!”